வீட்டு முற்றத்தில் வாகனத்துக்கு வினைல் ஒட்டுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருசமும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கும் பேச்சே எங்கள் பக்கத்தில் இல்லை. இருக்கிறதைப் பேணிக்கொள்வதுதான் வழி. அந்தக் காலத்தில்தான் நிறம் மங்கிப்போன எங்கள் ஆல்ட்டோவுக்கு நானே வினைல் ஒட்டத் தொடங்கினேன். அப்புறம் தம்பியின் ஓட்டோ, மாமாவின் டொல்பின் வான் என்று கை பழகியது. விசுவமடுவில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே வேலை நடக்கும்போது வந்து நின்று பார்த்தவர்களும், பிறகு தொலைபேசியில் அழைத்தவர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். யூடியூபில் காட்டுகிற முறை குளிரூட்டிய, தூசி இல்லாத கடைக்குள் செய்கிறது. எங்களுக்குப் புழுதியும் வெயிலும் உண்டு. அதனால் அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

இது கடையில் ஒட்டுகிற ஸ்டிக்கர்தானே? என்ன வித்தியாசம்?

அடிப்படையில் ஸ்டிக்கர்தான். பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய படலம், பின்னால் பசை, அதற்குப் பின்னால் உரித்தெடுக்கும் தாள். ஆனால் வாகனம் முழுக்க ஒட்டுவதற்கென்று செய்த படலத்தின் பசைப் பக்கத்தில் கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கும். அழுத்தும்போது காற்று அவற்றின் வழியே வெளியேறும். பசையும் மெதுவாகத் தொட்டால் பிடிக்காது, அழுத்தினால்தான் பிடிக்கும். அதனால் வைத்துப் பார்த்து, தூக்கி, திரும்ப வைக்கலாம். சாதாரண ஸ்டிக்கரில் இந்த வசதி கிடையாது. வீட்டில் பழகுகிற ஒருவருக்கு இந்த இரண்டும் இல்லாத படலம் வேண்டவே வேண்டாம்.

விலை குறைந்ததும் கூடியதும் கையில் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. எதை வாங்குவது?

செய்யும் விதத்தில்தான் வித்தியாசம். ஒரு வகையை, உருகிய பிளாஸ்டிக்கைச் சூடான உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்துச் செய்வார்கள். இதைக் கலண்டர் வினைல் என்பார்கள். இழுத்துச் செய்ததால் அதற்குள் ஒரு இழுவிசை தங்கியிருக்கும். வெயில் படப் பட அது சுருங்கப் பார்க்கும். ஓரங்கள் பின்வாங்கும், வளைவுகளில் தூக்கும். மற்ற வகையைத் திரவமாகவே ஒரு தளத்தில் ஊற்றி, சூட்டில் காயவைத்து எடுப்பார்கள். இது காஸ்ட் வினைல். யாரும் இழுக்காததால் அது ஒட்டிய இடத்திலேயே அமைதியாகக் கிடக்கும். தடிப்பும் குறைவு. வளைவுகளுக்கு இசைந்து போகும்.

முதல்முறை நான் வாங்கியது கலண்டர் வகை. விற்றவர் காஸ்ட் என்று சொல்லித்தான் தந்தார். ஒரு வைகாசி வெயில் முடிவதற்குள் பொனற்றின் நான்கு ஓரமும் பின்வாங்கி, பழைய நிறம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. காசு போனதைவிட, மூன்று நாள் உழைப்பு போனதுதான் வருத்தம். எங்கள் வெயிலுக்குக் காஸ்ட் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். 3எம் நிறுவனத்தின் 2080 வகை, ஏவரி டெனிசனின் சுப்ரீம் வகை, ஒராக்கலின் 970 வகை ஆகியவை இந்த வேலைக்கென்றே செய்தவை. முழு வாகனத்துக்கும் காஸ்ட் வாங்கக் காசு போதாவிட்டால் கூரைக்கும் பொனற்றுக்கும் மட்டும் வாங்கி ஒட்டுங்கள். மலிவானதை முழுக்க ஒட்டுவதைவிட அது நல்லது.

ரோல் எங்களுக்குப் பெரும்பாலும் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில்தான் வருகிறது. மடித்துப் பொதி செய்யாமல் காட்போட் குழாயில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். மடித்த தடம் விழுந்த படலத்தை எந்தச் சூட்டாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

எத்தனை மீற்றர் தேவை?

நல்ல ரோல்கள் 1.52 மீற்றர் அகலம். ஆல்ட்டோ போன்ற சிறிய காருக்கு 12 தொடக்கம் 14 மீற்றர், டொல்பின் வானுக்கு 20க்கு மேல். ஆனால் இந்தக் கணக்கை நம்பி வாங்காமல், ஒவ்வொரு பகுதியையும் நாடாவால் அளந்து எல்லாப் பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூட்டி எழுதுங்கள். பிழைத்துப் போகும் ஒரு கதவுக்கும் சேர்த்து வாங்குங்கள். பிறகு வாங்கினால் அதே நிறத்தில் வேறு உற்பத்தித் தொகுதி வந்து, பக்கத்தில் வைத்தால் சிறு வேறுபாடு தெரியும். மின்னும் நிறமாக இருந்தால் எல்லாத் துண்டையும் ரோலின் ஒரே திசையில் வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு கதவு மட்டும் திசை மாறினால் வெயிலில் அது வேறு நிறமாகத் தெரியும்.

எனது வானுக்கு ஏற்கனவே ஊரில் பெயின்ற் அடித்திருக்கிறது. மேலே ஒட்டலாமா?

இதுதான் எங்கள் பகுதியின் உண்மையான கேள்வி. இங்கே ஓடுகிற பழைய வாகனங்களில் கம்பனிப் பெயின்ற் அப்படியே இருப்பது குறைவு. மரத்துக்குக் கீழே கிடந்தது, பள்ளம் நிரப்பும் கட்டலோய்க் களி வைத்து மூடியது, அவசரத்துக்கு ஒரு கோட் அடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். வினைல் தனக்குக் கீழே இருக்கிற பெயின்றைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயின்ற் தகரத்தைச் சரியாகப் பிடித்திருக்காவிட்டால், வினைலை உரிக்கிற நாளில் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். மாமாவின் வானில் பின் கதவில் அப்படித்தான் நடந்தது. ஒரு மடிப்பைச் சரிசெய்யத் தூக்கினேன். உள்ளங்கை அளவு பெயின்ற் பசையோடு வந்தது.

அதனால் முதலில் சோதியுங்கள். நன்றாகப் பிடிக்கிற பார்சல் டேப் ஒன்றைப் பெயின்றில் அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். ஒவ்வொரு கதவிலும் இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள். கட்டலோய் வைத்த இடத்தில் கட்டாயம் செய்யுங்கள். பெயின்ற் துகளாக வந்தாலே அந்தப் பகுதியை முதலில் கராஜில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் குறைந்தது நான்கு கிழமை பொறுங்கள். மேலே காய்ந்தாலும் உள்ளிருந்து கரைப்பானின் ஆவி வந்துகொண்டே இருக்கும். அதை மூடினால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

துருவின் மேல் ஒட்டவே கூடாது. வினைல் துருவை நிறுத்தாது, மறைத்து வைக்கும். அது உள்ளே அரித்துக்கொண்டு போகும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். முல்லைத்தீவு, அளம்பில் போன்ற கரையோரப் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வாகனங்களுக்கு இது இன்னும் பொருந்தும். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவையும் கதவின் அடி ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கேதான் துரு தொடங்கும்.

எந்த மாதம் நல்லது? எந்த நேரம்?

3எம் நிறுவனம் தன் படலத்தை ஏறக்குறைய 16 தொடக்கம் 32 பாகை செல்சியஸுக்குள் ஒட்டச் சொல்கிறது. எங்களுக்குச் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதற்கு மேல் போகும். வெயிலில் நின்ற பொனற்றில் கையை வைக்கவே முடியாது. சூடான தகரத்தில் படலம் தொட்ட உடனே பிடித்துக்கொள்ளும். தூக்கி வைக்கிற வசதி போய்விடும். இழுத்தால் தேவைக்கு மேல் நீளும்.

சோளகம் வீசுகிற மாதங்களில் செம்மண் புழுதி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. கிரவல் வீதி ஓரத்து வீடு என்றால் அந்தக் காலத்தில் நினைக்கவே வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் புழுதி இல்லை, ஆனால் ரப்பர் இடுக்குகளில் ஈரம் தங்கி ஓரம் பிடிக்காது. எனக்குச் சரிவந்தது தை பிற்பகுதியில் இருந்து மாசி முடியும் வரை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதுதான் காலபோக அறுவடைக் காலம். பக்கத்து வயலில் வெட்டு மெசின் ஓடினால் அரை மைல் தூரத்துக்கு நெல் தூசி மிதக்கும். அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள். புரட்டாதிக் கடைசியில் முதல் மழை பெய்து மண் அடங்கிய மறுநாள் காலை கிடைத்தால் அதுவும் நல்லது.

நேரம் என்றால் விடிய ஐந்தரை தொடக்கம் பத்து வரை. வாகனத்தை முதல் நாள் இரவே நிழலில் விட்டுவிடுங்கள், காலையில் தகரம் குளிர்ந்திருக்கும். இரவில் விளக்குப் போட்டுச் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு ஈசல் பசைக்குள் போனால் போதும், அந்தத் துண்டு முழுக்கப் போய்விடும். எங்கள் பக்கத்தில் விளக்குக்கு ஒரு ஈசல் தனியாக வந்ததில்லை.

கராஜ் இல்லை. முற்றத்தில் செய்ய முடியுமா?

முடியும். நான் எல்லாவற்றையும் முற்றத்தில்தான் செய்தேன். தறப்பாளை எப்படிக் கட்டுவது என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று பக்கம் நிலம் வரை இறக்கிக் கட்டுங்கள், காற்று வருகிற பக்கம் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். ஓலைக் கொட்டிலுக்குள் செய்வதானால் கூரையில் இருந்து ஒட்டறையும் ஓலைத் துகளும் விழுந்துகொண்டே இருக்கும், ஆகவே உள்ளே ஒரு பொலித்தீன் விரிப்பை மேலே கட்டுங்கள். தகரக் கூரை என்றால் ஒன்பது மணிக்கே வேலையை நிறுத்த வேண்டிவரும்.

ஒட்டத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் நிலத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். முற்றம் கூட்டுவதை முதல் நாளே முடித்துவிடுங்கள், அன்று காலை விளக்குமாறைத் தொடவே வேண்டாம். மின்விசிறி வேண்டாம். கோழியையும் நாயையும் அடைத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடினாலும் மண் எழும்பும்.

என்ன சாமான்கள் வேண்டும்?

சூடான காற்று வீசும் ஹீட் கன், படலத்தை அழுத்தித் தள்ளுவதற்கு ஓரத்தில் துணி ஒட்டிய ஸ்குவீஜித் தட்டு இரண்டு, முனை முறிக்கிற கட்டரும் ஒரு பெட்டி புதிய பிளேட்டும், நூல் விடாத கையுறை, மைக்கிரோபைபர் துணி ஆறு ஏழு, ஐசோபுரோபைல் அல்கஹோல், காந்தத் துண்டு நான்கு. சூடு அளக்கும் கதிர் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்தது போன்ற தோற்றம்தான், ஆனால் அது உடல் சூட்டுக்கு மட்டும் செய்தது. 100 பாகைக்கு மேல் காட்டுகிற வகையை ஹாட்வெயாரில் கேளுங்கள்.

ஹீட் கன் 1500 தொடக்கம் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ற்றில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 அம்பியர். வீட்டுச் சுவரில் இருக்கிற சின்ன 5 அம்பியர் பிளக்கில் மெல்லிய வயரை நீட்டி இதை ஓட்டினால் வயர் உருகும். 13 அல்லது 15 அம்பியர் பிளக்கில் இருந்து தடித்த வயர் எடுங்கள், சுற்றி வைத்த வயரை முழுக்க விரித்து விடுங்கள். அல்கஹோல் போத்தலை மூடி எட்டத்தில் வைத்த பிறகே ஹீட் கன்னைப் போடுங்கள். ஓலைக் கொட்டிலுக்குள் என்றால் பக்கத்தில் ஒரு வாளி மண் இருக்கட்டும்.

தலைமயிர் உலர்த்தி போதுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டும்போது சிறு மடிப்பை இளக்கப் போதும். ஒட்டி முடித்த பிறகு ஓரங்களுக்குக் கொடுக்கிற கடைசிச் சூட்டுக்குப் போதாது.

சேர்விஸில் கழுவிவிட்டு வந்தால் போதாதா?

போதாது. பத்துப் பேர் வேலையைக் காட்டி எங்கே பிழைத்தது என்று கேட்டால், ஏழெட்டுப் பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: கழுவியது காணாது. சேர்விஸில் பூசும் மெழுகும் பளபளப்பும் எங்களுக்கு எதிரி. அது இருக்கிற இடத்தில் பசை பிடிக்காது.

முதல் நாள் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். கதவின் கீழ்ப்பக்கத்தில் காப்பெற் வீதியின் தார்ப் புள்ளிகள் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் மண்ணெண்ணெயும் எண்ணெய்தான், அந்த இடத்தைத் திரும்பச் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். பிறகு களி போன்ற கிளே பார் கட்டியைச் சோப்புத் தண்ணீரோடு தேயுங்கள். கை வழுக்கிக்கொண்டு போகும் வரை தேய்க்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் பல இடங்களில் சுண்ணாம்பு கூடியது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும், அந்தப் புள்ளி வினைலுக்குக் கீழே மணலாகத் தெரியும். கடைசியாக ஊற்றுவது பிடித்து வைத்த மழைத் தண்ணீராகவோ வடிகட்டிய குடிதண்ணீராகவோ இருக்கட்டும். ஒரு வாளி போதும். காய விடாமல் துடைத்து எடுங்கள்.

ஒட்டுகிற அன்று ஒவ்வொரு பகுதியையும் அல்கஹோலால் துடையுங்கள். பார்மசியில் வாங்குகிற 70 வீத ஐசோபுரோபைல் போதும். வாசனையோ எண்ணெயோ கலந்தது வேண்டாம். ஒரு கையால் ஈரத் துணி, மற்றக் கையால் உலர்ந்த துணி. கதவு இடுக்கு, பொனற்றின் உட்புற ஓரம், பிடிக்குக் கீழே உள்ள குழி எல்லாவற்றையும் துணியைச் சுற்றிய விரலால் துடையுங்கள். வினைல் முதலில் தூக்குவது ஓரத்தில்தான், ஆனால் எல்லோரும் நன்றாகத் துடைப்பது நடுவை. பழைய சாரத் துண்டு, பனியன் துணி வேண்டாம், நூல் விடும்.

எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

கழற்றக்கூடிய எல்லாவற்றையும். கதவுப் பிடி, பக்கக் கண்ணாடி, பின் விளக்கு, எழுத்துச் சின்னம், ரப்பர். கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். ஆணிகளை யோகட் கப்புகளில் போட்டு மேலே எந்த இடத்துடையது என்று எழுதி வையுங்கள்.

அண்ணை, எந்த இடத்தில் தொடங்கட்டும்?

எரிபொருள் மூடியில் தொடங்குங்கள், தம்பி. சின்னது, வட்ட ஓரம் இருக்கும், பிழைத்தால் ஒரு சாண் துண்டுதான் நட்டம். அடுத்து ஒரு முன் கதவு. அப்புறம் பொனற்.

பொனற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். துண்டை மேலே விரித்து, காந்தத்தால் பிடித்து, எல்லாப் பக்கமும் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். பின் தாளை முழுக்க உரித்து, இரண்டு பேரும் மூலைகளைப் பிடித்து, பாய் விரிப்பது போலத் தளர்வில்லாமல் இறக்குங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், மடிப்பு நிற்காத அளவு போதும். நடுவில் ஒரு கோடு அழுத்துங்கள். அந்தக் கோட்டில் இருந்து வெளியே, ஒரு இழுப்பின் பாதி அடுத்த இழுப்பில் விழுகிற மாதிரி ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். காற்று வெளியே போக எப்போதும் ஒரு வழி இருக்க வேண்டும். அவசரப்பட்டு நான்கு ஓரத்தையும் முதலில் அழுத்தினால் நடுவில் காற்று சிறைப்படும்.

நடுவில் சுருக்கம் விழுந்துவிட்டது. வெட்டி எறியவா?

வேண்டாம். அந்த இடத்தை மெதுவாகத் தூக்குங்கள், ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கம் மறைந்து படலம் பழைய நிலைக்கு வரும். சில விநாடி ஆறவிட்டு, திரும்ப இறக்குங்கள். ஆறாமல் இழுத்தால் நீண்டுவிடும். மண் துகள் உள்ளே போயிருந்தால் தூக்கி, டேப் நுனியால் ஒற்றி எடுங்கள், விரலால் தொட வேண்டாம். பிறகு தெரிகிற சின்னக் காற்றுக் குமிழை மெல்லிய ஊசியால் குத்தி அழுத்தலாம்.

கடைக்காரர்கள் சோப்புத் தண்ணீர் தெளித்துத்தானே ஒட்டுகிறார்கள்?

எழுத்து, பட்டி, விளம்பரத் துண்டுகளுக்கு அது சரி. காற்று வாய்க்கால் உள்ள படலத்துக்குச் சரியில்லை. தண்ணீர் அந்த வாய்க்கால்களில் தங்கும், பசை பிடிக்கத் தாமதிக்கும், ஓரம் தூக்கும். உலர்வாகவே ஒட்டுங்கள்.

பம்பரும் பக்கக் கண்ணாடியும் வரவே மாட்டேன் என்கிறதே?

அவை தொழில் பழகியவர்களுக்கே கடினம். எல்லோரும் செய்கிற பிழை, பள்ளமான இடத்துக்குள் படலத்தை இழுத்துத் திணிப்பது. அன்று அழகாகத்தான் இருக்கும். இழுபட்ட இடத்தில் படலம் மெலிந்து, நிறம் வெளிறி, இரண்டு வெயிலில் பள்ளத்தை விட்டு எழும்பிவிடும். பள்ளத்துக்குத் தனித் துண்டு ஒன்று முதலில் ஒட்டி, அதன் மேல் பெரிய துண்டை ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றர் ஏற்றி ஒட்டுங்கள். தள்ளி நின்று பார்த்தால் அந்த இணைப்புத் தெரியாது. பம்பரைப் பெயின்ற் நிறத்திலேயே விட்டுவிடுவதும் நல்ல முடிவுதான். எங்கள் ஆல்ட்டோவின் பம்பர்கள் கறுப்பாகவே இருக்கின்றன, யாரும் குறையாகச் சொன்னதில்லை.

வெட்டும்போது பெயின்றில் கீறல் விழாதா?

அழுத்தினால் விழும். அந்தக் கீறலில் தண்ணீர் இறங்கினால் துரு. பிளேட்டின் பாரம் மட்டும் போதும், கையின் பாரம் வேண்டாம். ஒரு கதவுக்கு இரண்டு தடவையாவது முனையை முறித்துப் புதிய கூர்முனையை எடுங்கள். மழுங்கிய பிளேட்தான் அழுத்தச் சொல்லும். நடுப் பகுதியில் நேர்கோடு வெட்ட வேண்டுமானால் நூல் வைத்த டேப் ஒன்று கிடைக்கிறது. அதை முதலில் ஒட்டி, மேலே வினைலை ஒட்டி, பிறகு நூலை இழுத்தால் படலம் மட்டும் வெட்டுப்படும். ஓரங்களில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, உள்ளே மடித்து அழுத்துங்கள்.

ஒட்டி முடிந்தது. உடனே ஓடலாமா?

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் களைப்பில் விட்டுவிடுகிறார்கள். ஓரம், மூலை, வளைவு, பள்ளம் எல்லாவற்றையும் 90 தொடக்கம் 110 பாகைக்குள் சூடாக்க வேண்டும். சரியான அளவு உங்கள் படலத்துக்குத் தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் இருக்கும், அதையே பாருங்கள். இந்தச் சூட்டில்தான் இழுபட்ட படலம் பழைய வடிவத்துக்குத் திரும்பும் எண்ணத்தை விடுகிறது. வெப்பமானியைப் பிடித்துக்கொண்டே ஓரம் ஓரமாகப் போங்கள். இதைச் செய்யாத வாகனத்தை வைகாசி வெயில் சோதித்துப் பார்க்கும், அப்போது ஓரம் எழும்பும்.

பிறகு இரண்டு நாள் கழுவ வேண்டாம். மறுநாள் வெயிலில் விட்டு ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்.

நிறம் மாறினால் பொலிஸ் பிடிக்குமா? ஆர்.எம்.வி.க்குச் சொல்ல வேண்டுமா?

வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. முழு நிறமும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு (ஆர்.எம்.வி.) அறிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள். வினைல்தானே, பெயின்ற் இல்லையே என்று வீதியில் விளக்கம் சொல்வது வேலைக்கு ஆகாது. லீசிங்கில் இருக்கிற வாகனம் என்றால் பதிவுப் புத்தகம் லீசிங் கம்பனியின் பெயரில் கட்டுப்பட்டிருக்கும், முதலில் அவர்களிடம் கேளுங்கள். காப்புறுதிக்கும் தெரிவியுங்கள். அதே நிறத்தில் ஒட்டினால் இந்த அலைச்சலே இல்லை. எங்கள் ஆல்ட்டோவுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

இலக்கத் தகடு, விளக்குகள், முன் கண்ணாடி ஆகியவற்றின் மேல் எதுவும் ஒட்ட வேண்டாம். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் எடுத்தது நினைவிருக்கும். ஓட்டோக்காரர்கள் எளிமையாக வைத்துக்கொள்வது நல்லது. படையினரின் சீருடை போன்ற புள்ளி வடிவத்தை விளையாட்டுக்கும் தெரிவு செய்யாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கு எந்த நிறம் பொருந்தும்?

கறுப்பு வேண்டாம். வெயிலில் அதிகம் சூடாகும், செம்மண் புழுதி அரை மணித்தியாலத்தில் காட்டிக்கொடுக்கும். வெள்ளை குளிர்ச்சி. மணல் நிறமும் இளம் சாம்பலும் புழுதியை மறைக்கும். பளபளப்பில்லாத மங்கல் (மேட்) வகை பார்க்க அழகு, ஆனால் கை எண்ணெய் பட்ட தடம் எளிதில் போகாது, மெழுகும் பூசக் கூடாது.

முறிகண்டியில் தேங்காய் உடைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறா. வினைல் பழுதாகுமா?

அம்மா சொல்கிறபடி செய்யுங்கள். ஏ9 வீதியில் போகிற யார்தான் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்காமல் போகிறார்கள். ஆனால் மஞ்சளும் குங்குமமும் வினைலில் கறையாக ஊறிவிடும், வெள்ளையிலும் மங்கல் வகையிலும் போகவே போகாது. பொட்டை முன் கண்ணாடியில் வையுங்கள். விபூதி வினைலில் பட்டாலும் தண்ணீரில் போய்விடும். மாலையைக் கண்ணாடி துடைக்கும் தண்டில் கட்டுங்கள், பொனற்றில் வாடவிட்டால் பூச்சாயம் பிடிக்கும்.

எப்படிப் பராமரிப்பது?

கையால் கழுவுவதே சிறந்தது. முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியைக் கரைத்து விடுங்கள், காய்ந்த செம்மண்ணோடு துணியால் தேய்த்தால் அரத்தால் தேய்ப்பது போலத்தான். சேர்விஸில் கொடுத்தால் பக்கத்தில் நின்று, தண்ணீர்த் துப்பாக்கியை ஓரங்களுக்கு நேரே பிடிக்காமல், ஒரு அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். காக எச்சத்தையும் மாம்பாலையும் அன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள். பெற்றோல் சிந்தினால் அந்த நேரமே துடையுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும்?

மோட்டார் சைக்கிளில் பக்க மூடிகள் நல்ல பயிற்சி. பெற்றோல் தாங்கி எல்லாப் பக்கமும் வளைந்தது, பெற்றோலும் சிந்தும், அதைக் கடைசிக்கு வையுங்கள். உழவு இயந்திரத்துக்கு வேண்டாம். இயந்திரச் சூடும் சேறும் ஒரு போகத்துக்கு மேல் விட்டுவைக்காது.

எத்தனை வருசம் இருக்கும்? கழற்றுவது எப்படி?

செங்குத்தான கதவுகள் நன்றாகத் தாங்கும். கூரையும் பொனற்றும் வெயிலை நேரே வாங்குவதால் முதலில் போகும். தயாரிப்பாளர்களே அந்த இடங்களுக்குக் குறைந்த காலம்தான் உத்தரவாதம் தருகிறார்கள். எங்கள் வெயிலில் மூன்றாம் வருசம் தாண்டினால் கூரையை அடிக்கடி பாருங்கள். மங்கி, மெல்லிய வெடிப்புத் தெரியும் முன்னமே உரித்துவிடுங்கள். வெடிக்க விட்டால் நகத்தளவு துண்டு துண்டாகத்தான் வரும்.

உரிக்கும்போது கை பொறுக்கிற அளவைவிடக் கொஞ்சம் கூடச் சூடாக்கி, படலத்தைத் தன்மேலேயே மடித்த மாதிரித் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பெயின்ற் வரும். அதிகம் சூடாக்கினால் பசை வாகனத்திலேயே தங்கிவிடும். தங்கிய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துத் துடைத்து, சோப்பால் கழுவுங்கள்.

தனியே செய்யலாமா? எத்தனை நாள் போகும்?

கதவுகளைத் தனியே செய்யலாம், கூரைக்கும் பொனற்றுக்கும் ஆள் வேண்டும். காலை நேரம் மட்டும் என்று கணக்கிட்டால் சின்னக் காருக்கு ஒரு கிழமை. எனக்கு உதவிக்கு நிற்பது தங்கச்சி. தையல் பழகியவள், மூலை மடிப்பதில் அவளுடைய கை என் கையைவிட நேர்த்தி.

மீதித் துண்டுகளை என்ன செய்வது? குப்பையோடு கொளுத்தலாமா?

தயவுசெய்து கொளுத்த வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். கண்ணையும் மூச்சுக் குழாயையும் எரிக்கும், வளவுக்குள் பிள்ளைகள் நிற்பார்கள். வெட்டுத் துண்டுகளை ஒரு உரப்பையில் கட்டி, பிரதேச சபையின் குப்பை வண்டி வரும்போது கொடுங்கள். ஒரு மீற்றருக்கு மேல் மிஞ்சியதை மட்டும் குழாயில் சுற்றி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மாடு கொம்பால் கீறினாலும், பஸ் தரிப்பிடத்தில் யாராவது உரசினாலும், அந்த ஒரு கதவை மட்டும் உரித்துத் திரும்ப ஒட்ட அதே தொகுதித் துண்டு கையில் இருக்கும்.